மரைக்காயர் வீட்டுக் கேமரா

அரசப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. அவன் முழங்காலைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். காரைக்காலில் அவன் ஏறாத மொட்டைமாடி கிடையாது. இதை அவன் பெருமையாகச் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது, அலுப்பில்தான் சொல்லுவான்.

எண்பதுகளில் ஊரே சிலோன் டி.வி.க்கு அலைந்த காலம். அப்போது அவன் அலுமினியக் குழாயும் கையுமாக மாடி மாடியாக ஏறி, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி வைத்துக்கொண்டு, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று தொண்டை கிழியக் கத்துவான். கீழேயிருந்து, "தெரியுது, ஆனா படத்துல மழை பெய்யுது" என்று பதில் வரும். பிறகு கேபிள் வந்தது, ஆன்டெனாவை எல்லாம் அவனே கழற்றி இறக்கினான். பிறகு டிஷ், இன்வெர்ட்டர், காலிங் பெல், டெலிபோன் எக்ஸ்டென்ஷன். இப்போது கேமரா. சாமான் மாறிக்கொண்டே வந்தது, ஏணி மட்டும் அதேதான். கடல்காற்று ஊரில் எந்தக் கம்பியையும் ஒழுங்காக வைக்காது. ஆறு மாதத்தில் ஒயர் முனையில் இருக்கும் பின்னில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். மாட்டும்போதே வாஸலின் தடவி மாட்டினால் ஒரு வருடம் தாங்கும். அரசப்பன் தடவுவான், மற்றவர்கள் தடவ மாட்டார்கள். அவனைக் கூப்பிட்டு அனுப்புகிறவர்களுக்கு அவனிடம் தெரிந்த விசேஷம் அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்குக் கோவில்பத்து வீட்டிலிருந்து மொபெட்டில் கிளம்பினால், திரும்பி வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். வந்து உட்காருவான். சந்திரா தட்டு வைப்பாள். அன்றைக்கு நடந்ததை ஏதாவது சொல்லுவாள். இவன் "ம்" என்பான். மூன்றாவது "ம்"முக்கு மேல் சத்தம் வராது, கையில் சோற்றோடு தலை சாய்ந்திருக்கும். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் சந்திராவுக்கு இது பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை என்பது பின்னால்தான் அவனுக்குத் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஏழு, மாங்கனித் திருவிழா முடிந்த வாரம். சேக் அலாவுதீன் மரைக்காயர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மரைக்காயருக்கு எழுபத்தைந்து வயது. பெரிய கைலிக்கடை வைத்திருந்தவர், கண் மங்கிய பிறகு கடையை மூடிவிட்டார். மாசி மாதம் மனைவி மவுத்தாகிப் போனார். ஒரே மகன் காஜா நஜ்முதீனுக்குக் குவைத்தில் கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. அடக்கத்துக்கு வர அப்போது லீவு கிடைக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் வர முடிந்தது. மருமகள் ரிஃபானா பிள்ளைகள் படிப்புக்காகச் சென்னையில் இருந்தாள். மரைக்காயர் சென்னைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அத்தனை பெரிய வீட்டில் அவரும், பகலில் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் காசியம்மாவும்தான்.

காஜா குவைத்திலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். டிபன் டப்பா அளவுக்கு இருந்தது, பெயர் வீடியோ டிரான்ஸ்மிட்டர். கேமரா ஒயரை ஒரு பக்கம் சொருகி, மறுபக்கம் டெலிபோன் மோடத்தோடு சேர்த்துவிட்டால், உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் பெயரும் ரகசிய எண்ணும் போட்டு வீட்டைப் பார்க்கலாம். படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது.

"நான் என்ன நகைக்கடையா, கேமரா வச்சுப் பாக்குறதுக்கு?" என்றார் மரைக்காயர்.

"உம்மா மவுத்துக்குத்தான் வர முடியல. உங்களையாச்சும் தெனமும் பாத்துக்கிறேன் வாப்பா" என்றான் மகன்.

மரைக்காயர் நாற்காலியை நகர்த்தி ஏணிக்கு இடம் விட்டார்.

அரசப்பன் ஏணி போட்டான். ஹாலின் கிழக்கு மூலையில், உத்திரத்துக்கு ஒரு சாண் கீழே கேமரா. அங்கிருந்து பார்த்தால் மரைக்காயரின் சாய்வு நாற்காலி, சுவர்க்கடிகாரம், உள்ளறைக் கதவு மூன்றும் தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவர், டிரில்லை வைத்தால் பொலபொலவென்று கொட்டியது. மரத்துண்டு அடித்து இறுக்கி, கிளிப் போட்டு, ஒயரை நிலைப்படி ஓரமாக இறக்கி, டெலிபோன் ஸ்டூலுக்கு மேலே பலகை அடித்துப் பெட்டியை உட்காரவைத்தான். கரண்ட் போனால் நின்றுவிடாமல் இருக்கப் பேட்டரி. எல்லாப் பின்னுக்கும் வாஸலின். ஒரு நாள் முழுதும் ஆயிற்று. வெளியூர்க் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியைத் திறக்க வழி செய்வதற்கு இன்னொரு நாள் ஆயிற்று. அந்த வேலையை அவன் புத்தகம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருந்தான், ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு புள்ளி விட்டுப்போகும்.

முடிந்ததும் காஜாவும் அவனும் அல்லி என்ற பெண் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் திறந்து பார்த்தார்கள். திரையில் மரைக்காயர் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். காஜா சிரித்தான். அப்புறம் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வீட்டுக்குத் திரும்பி வந்ததும், பெட்டியின் முகப்பில் இருந்த பச்சை விளக்கைத் தகப்பனுக்குக் காட்டினான்.

"நான் அங்கேருந்து தொறந்து பாத்தா இது எரியும் வாப்பா. இது எரிஞ்சா நான் உங்களப் பாத்துக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

அதை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் மாதம் விளக்குத் தினமும் எரிந்தது. அந்திநேர மஃரிபு தொழுகை முடிந்து மரைக்காயர் வந்து நாற்காலியில் உட்காருவார். இங்கே ஏழரை மணி ஆனால் அங்கே ஐந்து, மகனுக்கு வேலை விடும் நேரம். பச்சை எரிந்ததும் அன்றைக்கு நடந்ததை எல்லாம் கேமராவைப் பார்த்துச் சொல்லுவார். சத்தம் போகாது என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இருந்தும் சொல்லுவார். அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் எரிந்தது. ரம்ஜான் கழிந்த பிறகு சுத்தமாக எரியவில்லை.

கார்த்திகை மழையில் அரசப்பனுக்கு மறுபடி ஆள் வந்தது. நனைந்துகொண்டு போனான்.

"லைட்டு கெட்டுப்போச்சு தம்பி" என்றார் மரைக்காயர். "மவன் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போன் பண்றான். என்னைப் பாத்தியாடான்னு கேட்டா, தெனமும் பாக்குறேன் வாப்பாங்கிறான். ஆனா லைட்டு எரியல. அப்ப லைட்டுலதான கோளாறு?"

"பாக்குறேங்க பாய்" என்றான் அரசப்பன்.

பெட்டியைத் திறந்து பார்த்தான். பின்னை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினான். எதிலும் குறை இல்லை. விளக்கு எரிகிறதா என்று பார்க்க வெளியிலிருந்து யாராவது திறந்தால்தான் முடியும். அல்லி கடைக்குப் போனான். பெயரும் ரகசிய எண்ணும் அவனே போட்டுக்கொடுத்தவைதான், காஜா மாற்றியிருக்கவில்லை. திறந்தான், படம் வந்தது. பக்கத்திலேயே, கடைசியாக யார் எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்ற பட்டியலும் வந்தது. கடைசித் தேதிக்கு நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

ஆக, லைட்டில் கோளாறு இல்லை. அரசப்பன் கொஞ்ச நேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அல்லியின் போனிலிருந்து மரைக்காயர் வீட்டுக்கு அடித்தான்.

"பாய், பச்சை எரியுதா பாருங்க."

"எரியுது, எரியுது" என்றார் மரைக்காயர். "மவன் வந்துட்டான் தம்பி. வைங்க, அப்பறம் பேசுறேன்."

"பாய், அது நாந்தான்..."

போனை வைத்துவிட்டார். திரையில் அவர் அவசர அவசரமாக ஸ்டூலிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து நேராகப் போட்டு உட்காருவது தெரிந்தது. மேலே பார்த்து ஸலாம் சொன்னார். பேச ஆரம்பித்தார். கையை நீட்டி, விரலை மடக்கி, நடுவில் சிரித்து, எதையோ எண்ணி எண்ணிச் சொன்னார். நாற்பத்தோரு நாள் பாக்கி.

அரசப்பன் படத்தை மூடலாம் என்று மவுஸில் கையை வைத்தான். மூடினால் அங்கே விளக்கு அணைந்துவிடும். மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார், பாதியில் எப்படி அணைப்பது? கொஞ்சம் நிறுத்தட்டும் என்று பார்த்தான். அவர் நிறுத்தவில்லை. இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்து போனார். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஈரச்சட்டை உடம்பிலேயே காய்ந்துபோயிருந்தது.

மறுநாள் காசியம்மாவைத் தெருவில் பார்த்தான். "லைட்டை நல்லா பண்ணிக் குடுத்துட்டியாம். பெரியவரு காலையில நாலு இட்லி சாப்டாரு" என்றாள். "இத்தினி நாளா ரெண்டுக்கு மேல எறங்கல. நீ நல்லாருப்பே."

நல்லாருப்பான். இனிமேல் தினமும் எரிய வேண்டுமே என்ற யோசனை அப்போதே அவனைப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு காஜாவுக்கே போன் போட்டான். அந்தப் பக்கம் இரும்பு விழும் சத்தமும் யாரோ இந்தியில் திட்டும் சத்தமும் கேட்டன.

"அண்ணே, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்தக் கேமராவத் தொறக்க விடமாட்டேங்கிறான்" என்றான் காஜா. "ரூமுக்குப் போறப்ப ஒம்போதாயிடுது. போனதும் விழுந்துடுறேன். சாப்பிடாமக்கூட விழுந்துடுறேண்ணே. வாப்பாகிட்ட பாக்கலன்னு எப்படிச் சொல்றது? அடுத்த வாரத்துலேர்ந்து கண்டிப்பாப் பாத்துடுவேன்."

"சரி தம்பி, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டான் அரசப்பன். கோபமாக நாலு வார்த்தை கேட்கத்தான் போன் பண்ணினான். வரவில்லை. அந்தக் குரலில் இருந்த அசதியை அவன் வேறெங்கும் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தினமும் அவன் சட்டையைக் கழற்றும்போது கூடவே கழலுகிற அசதிதான் அது. காஜாவின் அடுத்த வாரம் வரவேயில்லை.

ஆக, தினமும் ஏழரைக்கு அரசப்பன் அல்லி கடைக்குப் போனான். தருமபுரத்தில் வேலை இருந்தாலும் சரி, துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை இருந்தாலும் சரி, முடித்துக்கொண்டு வந்து மூலைக் கம்ப்யூட்டரில் உட்காருவான். திறப்பான். மரைக்காயர் நிமிர்ந்து உட்காருவார், பேசுவார். இவன் பார்ப்பான், அல்லது பார்ப்பதுபோல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பான். சில நாள் இவன் தூங்கிப்போவான், படம் பாட்டுக்கு ஓடும். அங்கே விளக்கு எரிந்தால் போதாதா?

"என்னண்ணே, எல்லாரும் சினிமா பாக்குறாங்க, சாட் பண்றாங்க, நீங்க தெனமும் ஒரே பெரியவரப் பாக்குறீங்க" என்பாள் அல்லி. "கதை நல்லாப் போவுதா?"

"போவுது" என்பான்.

தூங்காத நாட்களில் அவனுக்குச் சில விஷயம் தெரிந்தது. மரைக்காயர் புதன்கிழமை முகம் மழித்துக்கொள்வார். வலதுகாலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார், கேமரா மாட்டும்போது அப்படி இல்லை. ஒருநாள் மனைவியின் சேலை ஒன்றை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். பூச்சி அரித்திருந்தது போலிருக்கிறது. ஓட்டை வழியாக விரலை விட்டுக் காட்டினார். அன்றைக்கு அரசப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் தான் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விஷயம் தை மாதத்தில் சந்திராவுக்குத் தெரிந்தது. அல்லியின் அம்மாதான் ரேஷன் கடையில் சொல்லியிருக்கிறாள். சந்திரா கத்தவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"தெனம் முக்கால் மணி நேரம் ஒருத்தரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களாமே."

சொன்னான். லைட்டு, மகன், போன், எல்லாம் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பாவந்தான் அவரு" என்றாள். "நான் இல்லைங்கல. ஆனா எம் மொகத்த நீங்க முக்கால் மணி நேரம் சேந்தாப்புல எப்பப் பாத்தீங்க? நான் எந்த லைட்டப் பாத்து நீங்க பாக்குறீங்களா இல்லையான்னு தெரிஞ்சிக்கிறது?"

அவள் தட்டைக் கழுவப் போனாள். அன்று கொஞ்ச நேரம் விழித்திருந்து அவள் வேலை முடித்து வருவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை. நெடுங்காட்டில் ஒரு ரைஸ்மில்லில் மூன்று கேமரா மாட்ட வேண்டும், நாலு மணிக்குப் போனால் முடியக் குறைந்தது ஒன்பது ஆகும். ஏழரைக்கு விளக்கு எரியாதே என்று யோசித்தான். அப்போது அவனுக்கு ஒரு கணக்கு உதித்தது. வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. மகன் ரூமில்தான் இருப்பான், எந்த நேரம் பார்த்தாலும் பொருத்தமாகத்தான் இருக்கும். நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டு, மத்தியானம் இரண்டரைக்கு அல்லி கடையில் போய்த் திறந்தான்.

மரைக்காயர் பள்ளிவாசலிலிருந்து வந்து சாப்பிட்டுச் சாய்ந்திருந்தார். பச்சையைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, திரும்பிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். விரலால் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு எழுந்து கேமராவுக்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். படத்தில் அவர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே பார்த்தார். அப்புறம் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்ன ஆயிற்று என்று அரசப்பனுக்குப் புரியவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்தான். நெடுங்காட்டுக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் மரைக்காயரே போன் பண்ணினார். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஏணி வேணாம்."

போனான். மரைக்காயர் நாற்காலியில் இல்லை, அதற்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்காத கண். காசியம்மாவைக் கடைக்கு அனுப்பியிருந்தார். அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நேத்து ரெண்டரைக்கு லைட்டு எரிஞ்சிச்சு தம்பி."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "இங்க ரெண்டரைன்னா அங்க பன்னெண்டு. வெள்ளிக்கிழம பன்னெண்டு மணிக்கு அங்க ஜும்மா தொழுகைக்குக் குத்பா ஓதுற நேரம். என் மவன் ஏழு வயசுலேர்ந்து ஒரு ஜும்மாவ விட்டதில்ல. காய்ச்சலோட தூக்கிக்கிட்டுப் போயிருக்கேன். அந்த நேரத்துல அவன் எப்படித் தம்பி கம்ப்யூட்டர்ல இருப்பான்?"

அரசப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் பாய்மார் தெருவில் ஏறி இறங்கியவன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையெல்லாம் பூட்டிக்கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்கு வேலைக்கே போக மாட்டான். குவைத்தில் லீவு என்பது மட்டும் ஞாபகம் இருந்தது, எதற்காக லீவு என்பது மறந்துபோயிற்று.

"ராத்திரி போன் பண்ணான்" என்றார் மரைக்காயர். "ரெண்டரைக்கு என்னப் பாத்தியாடான்னு கேட்டேன். பாத்தேன் வாப்பான்னான். உங்கள நல்லாப் பாத்தேன், சாஞ்சி படுத்திருந்தீங்கன்னான். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. போன வச்சுட்டேன். ராத்திரி பூரா ஒரே யோசனை. ஒண்ணு அவன் ஜும்மாவ விட்டுட்டான். இல்லாட்டி என்கிட்ட பொய் சொல்றான். ரெண்டுல எது தம்பி? உங்களுக்குத்தான் இந்தப் பெட்டியப் பத்தித் தெரியும். தொழுகைய விட்டுட்டு எம் புள்ள அங்க என்னா வாழ்க்கை வாழுறான்?"

அரசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லைட்டில் கோளாறு என்று இன்னொரு தடவை சொல்லலாம். கரண்ட் கூடக் குறைய வந்தால் தானாக எரியும் என்று சொல்லலாம், நம்புவார். ஆனால் மகன் பார்த்தேன் என்று வாயால் சொல்லியிருக்கிறானே. லைட்டைப் பொய்யாக்கினால் மகனும் பொய்யனாகிறான். லைட்டை மெய்யாக்கினால் மகன் ஜும்மாவை விட்டவனாகிறான். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சுவர், அந்தச் சுவரைக் கட்டியவன் அவனேதான்.

"பாய், உங்க புள்ள ஜும்மாவ விடல" என்றான் கடைசியில். "நேத்து தொறந்தது நாந்தான்."

மரைக்காயர் அவனைப் பார்த்தார்.

"நேத்து மட்டும் இல்லைங்க. கார்த்திகை மாசத்துலேர்ந்து நாந்தான். அன்னைக்கு லைட்டப் பாக்கத் தொறந்தேன், நீங்க புள்ளைன்னு நெனச்சிட்டீங்க. சொல்ல வாய் வரல. அப்பறம் விட முடியல." மூச்சு வாங்கிக்கொண்டான். "உங்க புள்ளகிட்ட நான் போன்ல பேசினேங்க. பாசம் இல்லாம இல்ல. அசதி. ரூமுக்கு வந்து விழுந்துடுறாரு, சோறு கூடச் சாப்பிடாம. எனக்கு அது தெரியும் பாய். நானும் அப்படித்தான் வீட்டுக்குப் போறேன். எம் பொண்டாட்டி மொகம் எனக்கு எதிர்லயே இருக்கு, அதப் பாக்க முடியல."

திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று அரசப்பன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. மரைக்காயர் இரண்டு கையையும் முகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "தொழுகைய விடல. அது போதும்."

"மன்னிச்சிக்கிங்க பாய்."

"நான் பேசுனதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"சத்தம் வராதுங்க."

"நல்லது" என்றார். அப்புறம் கொஞ்சம் சிரித்தார். "அவனப் பத்தியும் கொஞ்சம் திட்டியிருந்தேன்."

அரசப்பனுக்குச் சிரிக்க வரவில்லை. பெட்டியைக் காட்டி, "கழட்டி எடுத்துடவாங்க?" என்று கேட்டான்.

மரைக்காயர் எழுந்தார். பலகைக்குப் போய், அணைந்திருந்த அந்த விளக்கைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"வேணாம். கழட்டுனா படம் வரலன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். என்னைக்காவது தொறந்து பாத்தாலும் பாப்பான்" என்றார். "நீங்க இனிமே அந்தக் கடைக்குப் போவ வேணாம். வீட்டுக்குப் போங்க. நான் கண்டுபிடிச்சது அவனுக்குத் தெரியக் கூடாது தம்பி, நீங்க சொல்லிடாதீங்க. பாத்தேன் வாப்பான்னு சொல்றப்ப அவன் கொரல்ல கொஞ்சம் தெம்பு வருது. வாரத்துல அந்த ஒரு நேரந்தான் வருது. அத நான் ஏன் கெடுக்கணும்?"

"சொல்லல பாய்."

"உங்ககிட்ட கறுப்பு டேப்பு இருக்கும்ல?"

அரசப்பன் பையைத் துழாவி இன்சுலேஷன் டேப்பை எடுத்தான்.

"ஒரு துண்டு கிழிச்சு அந்த லைட்டு மேல ஒட்டிடுங்க" என்றார். "எரியுதா எரியலையான்னு இனிமே எனக்குத் தெரிய வேணாம்."

அரசப்பன் பல்லால் டேப்பைக் கிழித்தான். ஒரு துண்டு ஒட்டினான். வெளிச்சம் கசியக் கூடாது என்று அதன் மேலேயே இன்னொரு துண்டு ஒட்டிக் கட்டைவிரலால் நாலு ஓரத்தையும் அழுத்தித் தேய்த்தான். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, மரைக்காயர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார்.